மாட்டுக்கு வாளியை விட அகலத் தொட்டி நல்லது

பாலில் 87 சதவீதம் தண்ணீர்தான். யாழ்ப்பாணத்து வெயிலில் கறவைப் பசு தண்ணீரைக் குறைத்தால் பாலும் குறையும். மாடு நக்கிக் குடிப்பதில்லை, வாயைத் தண்ணீரில் அமிழ்த்தி உறிஞ்சும். ஒடுங்கிய வாளியில் கொம்பு இடிபடும், அடித்தண்ணீர் எட்டாது, பாதியில் விட்டுவிடும். நிழலில் அகலமான சீமெந்துத் தொட்டி கட்டுங்கள். உள்மூலைகளை வளைவாகப் பூசச் சொல்லுங்கள். சதுர மூலையில்தான் புண்ணாக்கும் தவிடும் தங்கிப் புளிக்கும். அந்த மணம் பட்டாலே பசு முகத்தைத் திருப்பிவிடும். அடியில் ஓர் ஓட்டை விட்டு அடைப்பான் போட்டால் கழுவுவது சுகம். மாடு மூக்கால் தகட்டை அழுத்தத் தண்ணீர் வரும் தானியங்கிக் கிண்ணம் பூட்டியவர்கள் அடிக்கடி அதை அழுத்திப் பாருங்கள்: எங்கள் கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு படிந்து வரத்து மெலிந்துவிடும். ஆட்டுக்கென்றால் தொட்டியைச் சற்று உயர்த்தி வையுங்கள், புழுக்கை விழுந்த தண்ணீரை அது லேசில் தொடாது.