சில்லறைக் காசுக்குக் கிறுக்குக் கார்

குட்டிப் பொம்மைக் கார் சேர்க்கப் போகிறேன் என்று யாராவது வந்தால், ஃபெராரி, லம்போர்கினி பக்கம் தலை வைத்தும் படுக்காதீர்கள் என்றுதான் முதலில் சொல்வேன். அதற்கு ஆயிரம் பேர் அலைகிறார்கள், விலையும் ஏறிவிடும், பார்த்தால் சிரிப்பும் வராது. ஹாட் வீல்ஸ் என்கிற பொம்மைக் கார் வகையில் வாத்து பொம்மைக்குச் சக்கரம் வைத்த டக் என் ரோல் இருக்கிறது, சுறா மாதிரி ஷார்க்குரூசர் இருக்கிறது, சோடாப் போத்தல் மூடியைத் திறக்கிற கார்பனேட்டர்கூட இருக்கிறது. மேசையில் வையுங்கள், வீட்டுக்கு வருகிறவர்கள் கையில் எடுக்காமல் போக மாட்டார்கள்.

காசுக்கு ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். பழைய கார் என்றால் என் கணக்கு ஒரு பிளேன்டீயும் இரண்டு ரோல்ஸும், அதைத் தாண்டினால் கீழே வைத்துவிடுவேன் (வாசல் வரை போய்த் திரும்பி வந்து வாங்கியதும் உண்டு, அது வேறு கதை).

தேட வேண்டிய இடம் பெரிய கடை இல்லை. இலங்கை மலையகத்தில் ஹட்டன், பண்டாரவளை பக்கம் பேமன்ட் கடைகள், தோட்டத்துக் கோயில் தேர்த்திருவிழாவுக்கு வருகிற பொம்மைக் கடைகள், ஏப்ரலில் நுவரெலியா சீசன் கடைகள். “அண்ணே, அடியில கிடக்குறதையும் கொஞ்சம் கொட்டுங்களேன்” என்று கேளுங்கள். நல்லது எப்போதும் கூடையின் அடியில்தான் கிடக்கும்.

கையில் எடுத்ததும் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் பொறித்திருக்கிற வருடம் அந்த வார்ப்பு அச்சுக்கு உரிமை எழுதிய வருடம், கார் செய்த வருடம் இல்லை, அதனால் 1970 என்று இருக்கிறதே, பழசு என்று கடைக்காரர் விலை ஏற்றினால் நம்பாதீர்கள். ‘லெஸ்னி, இங்கிலாந்து’ என்று இருந்தால் மட்டும் ஒரு நிமிடம் நில்லுங்கள். 1953இல் மேட்ச்பாக்ஸ் கார்களைத் தொடங்கி 1982இல் நொடித்துப்போன கம்பெனி அது. தீப்பெட்டிக்குள் அடங்குகிற பொம்மையைத்தான் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவரலாம் என்று சட்டம் இருந்ததாம், அதற்காக லெஸ்னியின் பங்காளி ஜேக் ஓடெல் தன் மகளுக்கு ஒரு குட்டி ரோட் ரோலர் செய்து கொடுத்ததில்தான் மேட்ச்பாக்ஸ், அதாவது தீப்பெட்டி, என்ற பெயரே வந்தது.

காந்தம் வைத்துப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம், உடம்பு துத்தநாகக் கலவை, ஒட்டாது. ஒட்டினால் பெரும்பாலும் சக்கரங்களை இணைக்கிற அச்சுக்கம்பியில்தான் ஒட்டும். கன்னத்தில் வைத்துப் பாருங்கள், பிளாஸ்டிக்கைவிடச் சில்லென்று இருக்கும். பழைய காரின் உடம்பில் மயிரிழை மாதிரி வெடிப்பு ஓடினால் விட்டுவிடுங்கள், உலோகத்திலேயே கலப்படம், ஒருநாள் தானாகவே உதிரும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், வாயில் வைக்கிற வயதுப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள்.

இனி நம்ம ஊர்த் தலைவலி, மூடுபனி. ஜன்னலோரம் வைத்தால் உடம்புக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது, அச்சுக்கம்பி துருப்பிடித்துச் சக்கரம் இறுகிவிடும். நான் ஆரம்பத்தில் சமையலறையிலிருந்து தேங்காய் எண்ணெய் எடுத்து ஒரு சொட்டு விட்டேன், வழுவழுவென்று ஓடியது. மறுநாள் விடியற்காலைக் குளிரில் பார்த்தால் எண்ணெய் வெள்ளையாக உறைந்து பன்னிரண்டு கார்களும் அசையாமல் நிற்கின்றன! ஊசிமுனையால் ஒவ்வொரு சக்கரமாகச் சுரண்டி எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. தையல் மெஷின் எண்ணெய் போடுங்கள், குச்சி முனையில் தொட்டு, அரைச் சொட்டு போதும். அப்புறம் மூடி இறுகிய பிஸ்கட் டின், உள்ளே சப்பாத்துப் பெட்டியில் வருகிற, ஈரம் உறிஞ்சுகிற அந்தச் சிறு சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று.

அடுக்கும்போது ஒன்று கவனிப்பீர்கள். எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவுப் பெட்டிக்குள் அடங்க வேண்டும் என்பதால் பஸ்ஸும் காரும் கிட்டத்தட்ட ஒரே நீளம். என் அலுமாரியில் இரட்டைத்தட்டு லண்டன் பஸ் ஒன்று மோரிஸ் மைனரைவிட ஒரு விரல் நகம்தான் நீளம், பக்கத்தில் நிற்கிற வாத்து இரண்டையும்விட அகலம்.