வீட்டுக் கணக்கு மென்பொருள்: பணம் இடம் மாறினால் அது செலவு அல்ல

க்னூகேஷ் போன்ற இலவச மென்பொருளில் வீட்டுக் கணக்கு எழுதத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். கையை விட்டுப் போன பணத்தையெல்லாம் செலவு என்று எழுதிவிடுகிறார்கள். அந்த மென்பொருளோ இரட்டைப் பதிவு முறையில் நடப்பது. பணம் எங்கிருந்து கிளம்பியது, எங்கே போய்ச் சேர்ந்தது என்று இரண்டையும் கேட்கும்.

கிரெடிட் கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். மளிகைக் கடையில் கார்டு தேய்த்து 3,200 ரூபாய்க்குச் சாமான் வாங்கினால், அன்றைக்கே அது மளிகைச் செலவு. கார்டுக் கணக்கில் 3,200 கடன் ஏறும். அடுத்த மாதம் பில் கட்டும்போது வங்கிப் பணம் அந்தக் கடனை அடைக்கிறது, அவ்வளவுதான். அதையும் செலவு என்று எழுதினால் மளிகை 6,400 ஆகிவிடும். நானே இரண்டு மாதம் இப்படி எழுதிவிட்டு, வீட்டில் ஏன் இவ்வளவு செலவு என்று மண்டையை உடைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கடன் தவணையில் இதே தவறு பெரிதாக விழும். 20 லட்சம், 9 சதவீத வட்டி, 20 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 17,995 ரூபாய். முதல் தவணையில் 15,000 வட்டிக்குப் போகும்; அது மட்டும்தான் செலவு. மீதி 2,995 அசலைக் குறைக்கிறது. இரண்டையும் பிரித்துப் பதியுங்கள். அப்போதுதான் கடன் எவ்வளவு மெதுவாகக் கரைகிறது என்பது கண்ணில் படும்.

கைமாற்றாகக் கொடுத்த பணமும் செலவு அல்ல, வர வேண்டிய பாக்கி. ஏலச்சீட்டுக்குக் கட்டுவது சேமிப்பு. சீட்டை எடுத்த பிறகோ, மீதித் தவணைகள் கடன். ஏடிஎம்மில் எடுத்த பணத்துக்கு 'கைப்பணம்' என்று ஒரு கணக்கு வையுங்கள். டீ, ஆட்டோ, பூ என்று ஒவ்வொன்றையும் எழுத முடியவில்லையா, சரி, வாரம் ஒருமுறை பர்ஸை எண்ணிப் பார்த்து, குறைந்ததைச் சில்லறைச் செலவில் போட்டால் போதும்.

பழைய பாஸ்புக்கை எல்லாம் தட்டச்சு செய்ய உட்காராதீர்கள். இன்றைய இருப்பைத் தொடக்க இருப்பாகப் போட்டு ஆரம்பியுங்கள். பாலுக்கும் தயிருக்கும் தனித்தனித் தலைப்பும் வேண்டாம், பத்துப் பதினைந்து தலைப்பு போதும்.

அப்புறம், மாதக் கடைசியில் வங்கி ஸ்டேட்மெண்டோடு ஒப்பிடாமல் விடாதீர்கள். எனக்கு ஒருமுறை 17.70 ரூபாய் உதைத்தது. ஏதோ ஒரு பெயரில் எழுதிச் சரிக்கட்டியிருக்கலாம். மனம் வராமல் வரி வரியாகப் பார்த்தேன்: வங்கி பிடித்த எஸ்எம்எஸ் கட்டணம் 15 ரூபாய், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 2.70. அதைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான், எப்போதோ நிறுத்திவிட்டதாக நினைத்த ஒரு சந்தாவுக்கு மாதாமாதம் பணம் போய்க்கொண்டிருந்ததும் தெரிந்தது. அன்றைக்கே நிறுத்தினேன்.