வழிபாட்டுத் தலத்தைச் சூரிய மின்சாரத்துக்கு மாற்றுதல்: திருகோணமலைப் பரிபாலன சபைகளுக்கு ஒரு வழிகாட்டி

போரினால் 2006இல் இடம்பெயர்ந்த சம்பூர் மக்களின் காணிகளில் 500 மெகாவாற்று நிலக்கரி மின்நிலையம் ஒன்றை அமைக்கும் திட்டம் பல ஆண்டுகள் இழுபட்டு, 2016இல் கைவிடப்பட்டது. அதே சம்பூரில் 120 மெகாவாற்றுச் சூரிய மின்நிலையத்துக்கு 2025 ஏப்ரல் 5ஆம் திகதி இந்தியப் பிரதமரும் இலங்கை சனாதிபதியும் கொழும்பிலிருந்தபடியே அடிக்கல் நாட்டினர். இந்தச் செய்தி எல்லோருக்கும் நினைவிருக்கும். அன்றே தொடக்கி வைக்கப்பட்ட இன்னொரு திட்டம் நமது கோயில், பள்ளிவாசல், தேவாலயம், விகாரை ஆகியவற்றுக்கு இன்னும் நெருக்கமானது. நாட்டின் 25 மாவட்டங்களிலும் 5,000 வழிபாட்டுத் தலங்களின் கூரைகளில், மொத்தம் 25 மெகாவாற்று அளவுக்கு, இந்தியாவின் நன்கொடையாகச் சூரியப் படலங்களைப் பொருத்துவதே அத்திட்டம். வகுத்துப் பார்த்தால் ஒரு தலத்துக்கு 5 கிலோவாற்று வரும்.

நன்கொடையாகக் கிடைத்தாலும் சொந்தப் பணத்தில் வாங்கினாலும், படலம் கூரையில் ஏறுவதற்கு முன்னர் பரிபாலன சபை செய்து முடிக்க வேண்டிய வேலைகள் பல உள்ளன. அவற்றைச் செய்யாத இடங்களில், நல்ல நோக்கத்தோடு பொருத்தப்பட்ட படலங்கள் மின்பட்டியலைச் சிறிதே குறைத்துவிட்டு, திருவிழா இரவில் டீசல் ஜெனரேட்டர் வழக்கம்போல ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

முதலில் மின்மானி

வழிபாட்டுத் தலத்தின் மின்பாவனை வீட்டுப் பாவனையைப் போன்றதன்று. சாயரட்சைப் பூசை, மஃரிப், இஷா தொழுகைகள், றமழான் இரவுகளின் தராவீஹ், மாலைத் திருப்பலி, நத்தார் நள்ளிரவுப் பூசை, போயா தினத்து இரவுப் பிரித் என்று பார்த்தால், நான்கு மதத்தாரும் மின்சாரத்தைப் பெரும்பாலும் சூரியன் மறைந்த பிறகே செலவிடுகின்றனர். படலமோ காலை 9 மணியிலிருந்து பிற்பகல் 3 மணி வரையிலேயே தன் உற்பத்தியில் பெரும்பகுதியைத் தந்து முடித்துவிடுகிறது. இந்த இடைவெளியை எவ்வாறு நிரப்புவது என்பதே முழு வேலையின் மையம். எனவே சபைச் செயலாளர் ஒரு வாரத்துக்கு, காலை 6 மணிக்கும் மாலை 6 மணிக்கும் மின்மானியிலுள்ள எண்ணை ஒரு கொப்பியில் குறித்து வரட்டும். பகலில் எத்தனை அலகு, இரவில் எத்தனை அலகு என்பது அதிலேயே தெளிவாகிவிடும். கடந்த பன்னிரண்டு மாதப் பட்டியல்களையும் எடுத்து வைத்தால், மகோற்சவ மாதத்துக்கும் சாதாரண மாதத்துக்கும் உள்ள வேறுபாடு தெரியும்.

அந்தப் பட்டியல்களை எடுக்கும்போதே, மின்இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது. காலமாகிப் பல ஆண்டுகளான முன்னாள் தலைவரின் பெயரிலோ, காணியை நன்கொடையாக வழங்கியவரின் பெயரிலோ இணைப்பு இருப்பது நம் ஊர்களில் அபூர்வமன்று. மின்சார சபையுடன் (அல்லது அதன் இடத்தில் மின்விநியோகம் செய்யும் நிறுவனத்துடன்) செய்யும் சூரிய மின் ஒப்பந்தம் 20 ஆண்டுகள் நீடிக்கக்கூடியது. எந்தத் தலைவரின் பதவிக்காலமும் அவ்வளவு நீளமில்லை. ஆகவே ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, உத்தரவாதப் பத்திரம் மூன்றும் நிறுவனத்தின் பெயரிலேயே இருக்க வேண்டும். பெயர்மாற்றத்துக்குக் காலம் எடுக்கும் என்பதால் இந்த வேலையைத்தான் முதலில் தொடங்க வேண்டும்.

அடுத்ததாக, பாவனையைக் குறைக்க வேண்டும். இதனைச் சபைகள் விரும்பிச் செய்வதில்லை. புதிதாகப் படலம் பொருத்துவதில் உள்ள மகிழ்ச்சி பழைய மின்விசிறியைக் கழற்றுவதில் இல்லை. ஆனாலும் கணக்கு வேறு விதமாகவே பேசுகிறது. நாற்பது மின்விசிறிகள் உள்ள ஒரு ஜும்ஆப் பள்ளிவாசலை எடுத்துக்கொள்வோம். ஒன்று 75 வாற்று வீதம் அவை அனைத்தும் ஓடினால் 3 கிலோவாற்று செல்லும். பி.எல்.டி.சி எனப்படும், குறைந்த மின்சாரத்தில் சுழலும் மோட்டர் கொண்ட புதிய வகை மின்விசிறி 30 வாற்று அளவிலேயே ஓடுவதால் அதே நாற்பதும் 1.2 கிலோவாற்றில் முடிந்துவிடும். வீதியில் கட்டும் 500 வாற்று ஹலஜன் விளக்கின் இடத்தை 50 வாற்று எல்.ஈ.டி விளக்கு நிரப்பும். இவ்வாறு குறைத்த பின்னர் கணக்கிட்டால், தேவைப்படும் படலங்களின் எண்ணிக்கையும் பற்றரியின் அளவும் சுருங்கிவிடும்.

பகலுக்கு நகர்த்தக்கூடிய வேலைகளையும் இப்போதே நகர்த்திவிட வேண்டும். கிணற்றிலிருந்து தண்ணீர்த் தாங்கிக்கும், வுளூச் செய்யும் ஹவுழுக்கும் நீர் இறைக்கும் மோட்டரை நண்பகலில் ஓடவிடலாம். அன்னதான மடத்தில் தேங்காய் துருவுவதும் மா அரைப்பதும் பெரும்பாலும் காலையிலேயே நடக்கின்றன. மோட்டருக்கு ஒரு நேரக்கட்டுப்பாட்டு ஆளியைப் பொருத்திவிட்டால் அதை நினைவில் வைத்திருக்க ஒருவரும் தேவையில்லை.

கூரையும் கடற்காற்றும்

கோபுரத்திலோ விமானத்திலோ தேவாலய முகப்பிலோ மினாராவிலோ படலம் வைக்கும் பேச்சே எழக்கூடாது. ஆகமம் ஒருபுறமிருக்க, அவை தெருவிலிருந்து பார்ப்போரின் கண்ணில் முதலில் படும் இடங்கள். மடப்பள்ளி, கல்யாண மண்டபம், அறநெறிப் பாடசாலை, மதரசா, பங்குமனை ஆகியவற்றின் கூரைகளே உகந்தவை. திருகோணமலைச் சுவாமிமலையிலுள்ள கோணேசர் கோயிலைப் போன்று கோட்டை மதிலுக்கு உள்ளோ அதனை அண்டியோ இருக்கும் தலங்கள் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதியை எழுத்தில் பெறாமல் ஓர் ஆணியைக்கூட அடிக்கக்கூடாது. கத்தோலிக்கப் பங்குகள் திருகோணமலை மறைமாவட்டத்தின் ஒப்புதலையும், பதிவு செய்யப்பட்ட பள்ளிவாசல்கள் வக்பு சபையின் நடைமுறையையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

5 கிலோவாற்றுக்கு, 550 வாற்றுப் படலம் என்றால் ஒன்பது போதும். நடந்து கழுவ இடம் விட்டுப் பார்த்தால் ஏறக்குறைய 300 சதுர அடி கூரை வேண்டும். நமது அகலாங்கு வடக்கு 8.5 பாகை என்பதால், தெற்கு நோக்கி 10 பாகை அளவில் சரித்து வைத்தால் நல்ல விளைச்சல் கிடைக்கும். மழைநீரும் தேங்காமல் ஓடிவிடும். கிழக்கு மேற்காக அமைந்த கூரையானாலும் இழப்பு பெரிதாக இராது. ஒரு கிலோவாற்று நாளொன்றுக்குச் சராசரியாக 4 அலகு அளவில் தரும் என்று கொண்டால், 5 கிலோவாற்று மாதத்துக்கு 600 அலகை அண்டித் தரும். கார்த்திகை, மார்கழி மழைக்காலத்தில் அது கணிசமாகக் குறையும். ஆண்டு முழுவதற்கும் ஒரே எண்ணைச் சொல்லி விற்கும் முகவரை நம்ப வேண்டியதில்லை.

திருகோணமலையில் கூரையின் உண்மையான எதிரி உப்புக்காற்று. டச்சுக் குடாவையும் உட்துறைமுகத்தையும் அண்டிய இடங்களில் சாதாரண இரும்புத் தாங்கி சில ஆண்டுகளிலேயே துருவேறி, போல்ட் தலை விரலால் நிமிண்டினாலே பொடிந்துவிடும். ஆகவே அலுமினியச் சட்டமும், 316 தரத் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகளும் வேண்டும் என்று விலைமனுவிலேயே எழுதிக் கேட்க வேண்டும். வெறுமனே ‘துருப்பிடிக்காதது’ என்று எழுதினால் மலிவான தரம்தான் வந்து சேரும். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்த மாவட்டம் இது. 2000 டிசம்பரிலும் ஒரு சூறாவளி இங்கே தாக்கியது. எனவே தாங்கிகள் கூரைத் தகட்டில் மட்டுமன்றி, அதன் கீழுள்ள சட்டத்தோடும் பிணைக்கப்பட வேண்டும். அஸ்பெஸ்டஸ் கூரையாயின் அதனைத் துளையிடுவதற்கு முன் கூரையையே மாற்றுவது புத்தி. புறாக்கள் அடியில் கூடு கட்டாதிருக்கச் சுற்றிவரக் கம்பிவலை போட வேண்டும். குரங்குகள் உள்ள இடங்களில் வயர்களைக் குழாய்க்குள் இடாமல் விடக்கூடாது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் இருண்டபோது, பாணந்துறை உபமின்நிலையத்தில் புகுந்த ஒரு குரங்கைத்தான் அமைச்சர் காரணமாகச் சொன்னார் என்பதை மறந்துவிட வேண்டாம்.

மின்வெட்டும் பற்றரியும்

பெரும்பாலான சபையினர் அறியாத ஒன்று உண்டு. மின்சார சபையின் வழங்கல் நின்றுபோனால், சாதாரண இன்வேட்டரோடு (படலத்தின் மின்சாரத்தைப் பாவனைக்கு ஏற்றதாக மாற்றும் கருவி) இணைத்த படலமும் அந்தக் கணமே நின்றுவிடும். வீதியில் கம்பம் ஏறி வேலை செய்யும் ஊழியருக்கு மின்தாக்கம் ஏற்படக்கூடாது என்பதற்கான பாதுகாப்பு ஏற்பாடு அது. உச்சி வெயிலில் கூரை நிறையப் படலம் இருந்தும் ஒலிபெருக்கி இயங்காது. 2022இல் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நடந்ததைக் கண்ட நாம் இதனை வாங்கும்போதே கேட்டறிய வேண்டும். மின்வெட்டிலும் இயங்க வேண்டுமானால் பற்றரியோடு இணைந்து இயங்கக்கூடிய ஹைபிரிட் இன்வேட்டரும் பற்றரியும் தேவை. மூலஸ்தான விளக்குகள், சில மின்விசிறிகள், ஒலிபெருக்கி என்று 1.5 கிலோவாற்றுக்குள் அடக்கினால், 10 கிலோவாற்று மணி கொள்ளும் லித்தியம் பற்றரி ஓர் இரவின் ஆறு மணி நேரத்தைத் தாங்கும்.

பற்றரி வாங்க வசதியில்லாவிட்டால் கவலைப்பட வேண்டாம். நெட் மீட்டரிங் முறையில் பகலில் நாம் அனுப்பும் அலகுகள் இரவில் நாம் எடுப்பவற்றிலிருந்து கழிக்கப்பட்டு, மிகுதி அடுத்த மாதத்துக்குச் செல்லும். பணம் கைக்கு வராது. நெட் அக்கவுண்டிங் முறையில் மிகுதிக்குப் பணம் கிடைக்கும். நெட் பிளஸ் முறையில் உற்பத்தி முழுவதையும் விற்றுவிட்டு, பாவனைக்குத் தனியே பட்டியல் கட்ட வேண்டும். 2025இல் புதிய இணைப்புகளுக்கான கொள்வனவு விலை குறைக்கப்பட்டதால், பழைய வாடிக்கையாளர் ஒருவரின் வருமானத்தைக் கேட்டு அதே கணக்கைப் போட்டுவிடக்கூடாது. மதத் தலங்களுக்கென மின்கட்டணத்தில் தனி வகுதி இருப்பதால், அந்த விலையையும் விற்கும் விலையையும் அருகருகே எழுதி ஒப்பிட்ட பின்னரே முறையைத் தெரிவு செய்ய வேண்டும். விநியோகத்தருக்கு முற்பணம் கொடுப்பதற்கு முன், அவர் நிலைபெறுதகு வலு அதிகார சபையில் பதிவு பெற்றவரா என்று பார்க்க வேண்டும். உங்கள் ஊர் மின்மாற்றியில் புதிய இணைப்புக்கு இடம் உண்டா என்பதை மின்சார சபையிடம் எழுத்தில் பெற வேண்டும்.

2025 புத்தாண்டு விடுமுறையில், தேவை குறைந்திருந்ததால், கூரைச் சூரிய மின்சாரத்தைப் பகலில் நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. பகல் மின்சாரத்தை இரவுக்குச் சேமித்து வைப்பதே இனி பெறுமதியானது என்பதை அது உணர்த்தியது. உபயகாரர் ஒருவர் கிடைத்தால் அவரிடம் பத்தாவது படலத்தைவிடப் பற்றரியையே கேட்கலாம்.

திருவிழா ஜெனரேட்டரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரு லீற்றர் டீசல் ஏறக்குறைய 3 அலகு மின்சாரத்தையே தரும், 2.7 கிலோகிராம் அளவு கரியமில வாயுவை வெளியேற்றும். அன்றைய டீசல் விலையை மூன்றால் வகுத்து மின்சார சபையின் அலகு விலையோடு வைத்துப் பார்த்தால், ஜெனரேட்டரின் வாடகையைச் சேர்க்காமலே உண்மை விளங்கிவிடும். இருப்பினும் 5 கிலோவாற்றுப் படலத்தால் முழுத் திருவிழாவையும் ஒளியேற்றிவிட முடியாது. அலங்கார விளக்குகள் அனைத்தையும் எல்.ஈ.டிக்கு மாற்றி, மேலதிக மின்சாரத்துக்குத் தற்காலிக இணைப்பு ஒன்றை முன்கூட்டியே கோரி, ஜெனரேட்டரை மின்வெட்டுக்கான காவலாக மட்டும் நிறுத்தி வைப்பதே நடைமுறைக்கு ஏற்றது. மின்னலங்காரக் குத்தகைக்காரரிடம் கொடியேற்றத்துக்கு முன்னரே இதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும்.

சபையும் ஊரும்

சபையில் எதிர்ப்பு வருவது இயல்பு. மதநெறியில் நின்று கேட்போருக்குச் சொல்ல ஆதாரங்கள் உண்டு. உலகத் திருச்சபைகள் மன்றம் 2014இல் நிலக்கரி, எண்ணெய், எரிவாயுத் துறைகளில் முதலீடு செய்வதில்லை என்று முடிவெடுத்தது. பாப்பரசர் பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட சுற்றுமடல் அந்த எரிபொருட்களைத் தாமதமின்றிப் படிப்படியாக மாற்றும்படி கேட்டது. அதே ஆண்டு ஓகஸ்டில் இஸ்தான்புலில் கூடிய முஸ்லிம் அறிஞர்கள் முழுமையாகப் புதுப்பிக்கத்தக்க சக்திக்கு மாறும்படி அழைத்தனர். தைப்பொங்கலன்று சூரியனுக்குப் படைக்கும் சைவருக்கோ நீண்ட விளக்கம் தேவைப்படாது. ஆனால் என் அனுபவத்தில் பொருளாளரை இணங்கச் செய்வது அந்தக் கொப்பியில் எழுதிய பகல், இரவு அலகுக் கணக்கே.

இயங்கத் தொடங்கிய பின் மாதாந்த உற்பத்தியை அறிவித்தல் பலகையில் ஒட்டி வைத்தால், அடியார்களும் மஹல்லாவாசிகளும் தம் வீடுகளுக்கும் விலை கேட்பார்கள். மூன்று நான்கு தலங்கள் மத வேறுபாடின்றிச் சேர்ந்து விலைமனுக் கோரினால் பேரம் பேசும் பலம் கூடும். பராமரிப்புக்கு ஒரே தொழில்நுட்பவியலாளரை அமர்த்தலாம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தூசும் உப்பும் படிவதால் இரு வாரத்துக்கு ஒருமுறை அதிகாலையில், படலம் சூடேறுமுன், மென்மையான துணியால் கழுவ வேண்டும். கல்சியம் மிகுந்த குழாய்க் கிணற்று நீர் வெள்ளைப் படிவை விட்டுச் செல்லும் என்பதால் சேமித்த மழைநீரே சிறந்தது.

பெரிய சூரிய மின்திட்டங்களுக்கு அடிக்கல் நாட்டும்போது நான்கு மதகுருமாரையும் ஆசீர்வாதத்துக்கு அழைப்பது நம் நாட்டு வழக்கம். சம்பூரில் நிலக்கரியை எதிர்த்தோம் என்பதற்காகச் சூரிய மின்சாரம் என்ற பெயரில் வரும் எல்லாவற்றையும் ஏற்க வேண்டியதில்லை. நமது மாவட்டத்தின் முத்துநகரில் தாம் பயிர்செய்து வந்த வயல்கள் சூரிய மின்திட்டங்களுக்குக் கொடுக்கப்படுவதை எதிர்த்து 2025இல் விவசாயிகள் வீதியில் இறங்கினர். அவ்வாறான அழைப்பு வரும்போது குருமாரும் சபைகளும் அங்கு பயிரிடுவோர் யார், அங்குள்ள குளத்துக்கும் மேய்ச்சல் தரைக்கும் என்ன நேரும், மாற்றுக் காணியும் நட்டஈடும் எழுத்தில் உறுதி செய்யப்பட்டனவா என்பவற்றைப் பிரதேச செயலகத்தில் கேட்டறிந்து, பாதிக்கப்படக்கூடிய குடும்பங்களை நேரில் சந்தித்த பின்னரே வருகையை உறுதிப்படுத்த வேண்டும்.