எழுதிய நிரலை வெளியிடும் முன்: உரிமத்தைத் தேர்ந்தெடுக்கும் முறை

மூலநிரலை இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைத்துவிட்டாலே அது, எவரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் கூடிய திறந்த மூல மென்பொருளாகிவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, கணினி நிரலை இலக்கியப் படைப்புகளோடு சேர்த்தே காக்கிறது. ஆதலால் உரிமம் இணைக்கப்படாத நிரலைப் பொதுவாகப் பிறர் மாற்றி வெளியிட முடியாது. திறந்த மூல உரிமம் என்பதும் உடைமையைத் துறப்பதன்று. உடைமையாளர் தம் பதிப்புரிமையின் பலத்தில் நிபந்தனைகளோடு வழங்கும் அனுமதியே அது.

எனவே நிரல் உங்களுடையதுதானா என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். பணியின் பகுதியாக எழுதியதற்கு, வேறு உடன்பாடு இல்லாத நிலையில், அச்சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி வேலை கொடுத்தவரே முதல் உரிமையாளர். ஓய்வு நேரத்தில் எழுதியதாயினும் பணி ஒப்பந்தத்தை ஒருமுறை படித்துவிடுவது நல்லது. ஐயம் இருந்தால் எழுத்துமூலம் ஒப்புதல் பெறுங்கள்.

அடுத்து, உங்கள் நிரலை ஒருவர் மாற்றி, மூலநிரலைக் காட்டாமல் தம் பொருளில் சேர்த்து விற்பது உங்களுக்குச் சம்மதமா என்று முடிவுசெய்யுங்கள். சம்மதமெனில் எம்ஐடி உரிமம் போதும். பதிப்புரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் நீக்கக்கூடாது என்பதே அதன் நிபந்தனை. பங்களிப்பாளர்களின் கண்டுபிடிப்புக் காப்புரிமைக்கும் வெளிப்படையான அனுமதி வேண்டுமெனில் அப்பாச்சி 2.0 உரிமம் பொருத்தமானது. சம்மதமில்லையெனில் ஜிபிஎல் எனப்படும் குனூ பொது உரிமம். அதன்கீழ் விற்கத் தடையில்லை (இதை மறப்பவர்கள் ஏராளம்); ஆனால் நிரலை மாற்றி விநியோகிப்பவர், அதே உரிமத்தின்கீழ் மூலநிரலையும் தந்தாக வேண்டும். லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி ரௌட்டரில் ஜிபிஎல்லின்கீழ் வெளியாகும் லினக்ஸ் இயங்குதள நிரல் இருப்பது தெரியவந்து, இந்த நிபந்தனையைச் சுட்டிப் பலரும் வற்புறுத்தியதால், 2003இல் மூலநிரல் வெளியானது. ரௌட்டர்களுக்கான திறந்த மூல இயங்குதளமான ஓப்பன்டபிள்யூஆர்டி திட்டம் அதிலிருந்துதான் பிறந்தது. நிரலை விநியோகிக்காமல் தம் சர்வரில் ஓட்டிச் சேவை மட்டும் விற்பவரை ஜிபிஎல் கட்டுப்படுத்தாது. மாற்றிய நிரலை இணையவழிச் சேவையாகத் தருபவரும் மூலநிரலைத் தர வேண்டும் என்று கோரும் ஏஜிபிஎல் உரிமம் அதற்காக உருவானது.

உங்கள் நிரலில் நீங்கள் பயன்படுத்தும் நிரல் நூலகங்களின் (பிறர் எழுதிய ஆயத்த நிரல் தொகுப்புகளின்) உரிமங்களையும் சரிபார்க்க வேண்டும். அப்பாச்சி 2.0 நிரலை ஜிபிஎல் 3ஆம் பதிப்பின்கீழ் உள்ள நிரலோடு இணைக்கலாம். 2ஆம் பதிப்புக்கு மட்டும் உட்பட்டதோடு இணைக்க இயலாது என்பது ஜிபிஎல்லை வெளியிடும் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் நிலைப்பாடு.

தேர்ந்த உரிமத்தின் முழு வாசகத்தையும் தனிக் கோப்பாக, நிரல் கோப்புகளைச் சேமிக்கும் களஞ்சியத்தின் முதன்மை அடைவில் (ஃபோல்டரில்) வையுங்கள்; ஒவ்வொரு நிரல் கோப்பின் தலைப்பிலும் ஆண்டு, உரிமையாளர் பெயர், உரிமத்தின் பெயர் ஆகியவற்றைக் குறியுங்கள். சொந்தமாக உரிம வாசகம் எழுத முயலாதீர்கள்.

பிறர் பங்களிப்பை ஏற்கும் முன் இன்னொன்றையும் தீர்மானியுங்கள். மைஎஸ்கியூஎல் என்னும் தரவுத்தள மென்பொருளைப் போல ஒரே நிரலை ஜிபிஎல்லின்கீழும் கட்டண வணிக உரிமத்தின்கீழும் தர எண்ணினால், பங்களிப்பாளர்களிடம் முன்னதாகவே ஒப்பந்தம் பெற வேண்டும்; இல்லையேல் பின்னர் ஒவ்வொருவரின் இசைவையும் தேடிப் போக நேரும். ஏற்கெனவே வெளியிட்ட பதிப்பின் உரிமத்தையும் நினைத்தபடி திரும்பப் பெற முடியாது: 2023இல் ஹாஷிகார்ப் நிறுவனம், சர்வர் போன்ற கணினி வளங்களை அமைக்க உதவும் தன் டெர்ராஃபார்ம் மென்பொருளின் உரிமத்தை இறுக்கியபோது, மோசில்லா பொது உரிமத்தின்கீழ் வெளிவந்திருந்த முந்தைய நிரலைக் கொண்டே பிறர் அதற்கு மாற்றாக ஓப்பன்டோஃபுவைத் தொடங்கினர்.