ஆர்ஓ ஹவுசிங்ல பாஸ்பேட் ரியாக்டர் செய்றது எப்படி

மரைன் டேங்க்ல, அதாவது உப்புத்தண்ணி மீன் தொட்டில, பாஸ்பேட் ஏறிட்டா பாசி மட்டும் பிரச்சனை இல்ல, எஸ்பிஎஸ்ங்கற கல் மாதிரி கெட்டியான கோரல் (பவளம்) வளர்றதே மந்தமாயிடும், கலரும் பழுப்படிச்சிரும். இதுக்கு ஜிஎஃப்ஓன்னு குருணையா ஒரு இரும்பு ஆக்சைடு விக்குது. அத பைல கட்டி சம்ப்ல (டேங்க் தண்ணி வந்து போற ஃபில்டர் தொட்டி) போட்டாலும் வேலை செய்யும், ஆனா பாதி தண்ணி பையை சுத்திக்கிட்டு போயிடும், உள்ள இருக்கறது கட்டிதட்டிரும். அதனால பம்ப் வச்சு தண்ணிய ஜிஎஃப்ஓ வழியாவே தள்ற டப்பா, அதாவது ரியாக்டர்தான் சரி.

வீட்டு ஆர்ஓ மெஷினுக்கு முன்னாடி மாட்டுவாங்களே அந்த 10 இன்ச் ஹவுசிங், உள்ள தெரியற மாதிரி கண்ணாடி கலர்ல, அரை இன்ச் த்ரெட்டோட வாங்குங்க, கால் இன்ச்னா சின்ன பம்ப்பால தள்ளவே முடியாது. நிப்பிள், வால்வு எல்லாம் பிளாஸ்டிக்தான். ஹார்டுவேர் கடைல பித்தளை எடுத்து குடுப்பாங்க, வேண்டவே வேண்டாம், அதுல இருக்கற செம்பு இறால், கோரல் எல்லாத்தையும் கொன்னுடும்.

முக்கியமான விஷயம் இதுதான். ஹவுசிங்ல இன்னு போட்ட பக்கம் பம்ப்ப மாட்டாதீங்க, தலைகீழா அவுட்ல மாட்டுங்க. அவுட் ஓட்டை நடுவுல திறக்கும், அதுல இறுக்கமா உக்கார்ற மாதிரி ஒரு பிவிசி பைப்ப சொருகி அடிவரைக்கும் இறக்கி, கீழ் நுனில நாலு பக்கமும் வெட்டு போட்டுடுங்க. தண்ணி பைப் வழியா கீழ போய், அடில பரவி, மீடியா (ஜிஎஃப்ஓ குருணை) வழியா மேல ஏறி இன் பக்கமா வெளிய வரும். அடில ஓட்டை போட்ட பிளாஸ்டிக் தட்டு, அதுமேல ஸ்பாஞ்ச், அப்புறம் ஜிஎஃப்ஓ, பாதிக்கு மேல நிரப்பாதீங்க, மூடிக்கு கீழ இன்னொரு ஸ்பாஞ்ச். ரெண்டு ஸ்பாஞ்சுலயும் பைப்புக்கு நடுவுல ஓட்டை போட்டுக்கணும்.

முதல்ல வர்ற தண்ணி செக்கச்செவேல்னு இருக்கும், அத சம்ப்ல விட்றாதீங்க, பக்கெட்ல விட்டு தெளியற வரைக்கும் ஓட்டுங்க. பம்ப் பக்கம் ஒரு வால்வு வச்சு ஓட்டத்த குறைங்க. மீடியாவோட மேல்பரப்பு மட்டும் கஞ்சி தளதளன்னு கொதிக்கற மாதிரி லேசா அசையணும். மொத்தமும் சுழண்டா குருணை ஒண்ணோட ஒண்ணு உரசி பொடியாகி டேங்க் முழுக்க செவப்பு தூசி. ஹவுசிங்க சம்ப் மேலயே மாட்டுங்க, ஒழுகினாலும் சம்ப்லதான் விழும்.

பாக்கெட்ல போட்ட அளவுல பாதில ஆரம்பிங்க, இத நான் ரொம்ப அழுத்தி சொல்றேன். பாஸ்பேட் திடீர்னு இறங்கினா கோரல் தாங்காது, சுத்தமா பூஜ்யமாச்சுன்னா டைனோங்கற (டைனோஃபிளாஜெல்லேட்) வழவழப்பான பாசி மாதிரி ஒண்ணு வந்து உக்காந்துக்கும், 0.03லேர்ந்து 0.1 பிபிஎம் இருந்தா போதும். ஹான்னா 736 செக்கர்ங்கற டெஸ்ட் மீட்டர் வச்சிருக்கவங்க, அது காட்டறது பாஸ்பரஸ், 3.066ஆல பெருக்கி ஆயிரத்தால வகுத்தாதான் பாஸ்பேட், அதாவது 50ன்னு காட்டினா கிட்டத்தட்ட 0.15 பிபிஎம். ரீடிங் மறுபடி ஏற ஆரம்பிச்சா மீடியா தீந்துடுச்சுன்னு அர்த்தம், மாத்திடுங்க. கேஹெச்சும் (தண்ணியோட காரத்தன்மை அளவு) கொஞ்சம் இறங்கலாம், அதையும் சேத்தே டெஸ்ட் பண்ணிக்கோங்க.