இரண்டு பெட்டியில் தொடங்குங்கள்: குமரியில் குறைந்த செலவில் தேனீ வளர்ப்பு

மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் மரம் இலை உதிர்த்துத் துளிர்க்கும்போது, இளந்தளிரின் காம்பில் ஊறும் தேன்தான் வளர்ப்பவருக்கு முக்கிய வரவு. சனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை அது கிடைக்கும். அதற்குள் கூட்டம் பெருக வேண்டுமென்றால் அக்டோபரிலேயே தொடங்கிவிடுங்கள்.

நம்மூர் அடுக்குத் தேனீயே போதும். இத்தாலியத் தேனீக்குப் பெட்டியும் பெரிது, தீனியும் அதிகம். அடுக்குத் தேனீக்கு ஏற்ற சிறிய நியூட்டன் பெட்டி வாங்குங்கள்; முட்டையும் புழுவும் வளரும் கீழ் அறையான புழு அறையில், அடை கட்டுவதற்கு 7 மரச்சட்டம் இருக்கும். எல்லாப் பெட்டியும் ஒரே அளவில் இருக்கட்டும். இல்லையென்றால் ஒரு பெட்டியின் சட்டம் அடுத்ததில் பொருந்தாது.

ஒன்றோடு நிற்காமல், தேனீக் கூட்டத்தோடு இரண்டு பெட்டியாக வாங்குங்கள். ஒன்றில் ராணி செத்துப்போனால், மற்றதிலிருந்து முட்டையும் இளம்புழுவும் உள்ள சட்டம் ஒன்றை எடுத்து வையுங்கள். தேனீக்களே புது ராணியை வளர்த்துவிடும். பெட்டியை நிழலில் ஒற்றைக்கால் தாங்கியில் வைத்து, அடியில் எறும்புக்குத் தண்ணீர்க் கிண்ணம் வையுங்கள். கிண்ணம் ஒரு நாள் வற்றினாலும் எறும்பு ஏறிவிடும்.

இனிக் கூட்டத்தை விலைக்கு வாங்க வேண்டாம், இருப்பதைப் பிரித்துப் பெருக்குங்கள். ஏழு சட்டத்திலும் ஈ மொய்த்து, அடையின் கீழ் விளிம்பில் புது ராணி வளரும் ராணி அறை தொங்கினால் அதுதான் சமயம். பழைய ராணியோடு மூன்று சட்டத்தைப் புதுப் பெட்டிக்கு மாற்றுங்கள். வெளியே போய்ப் பழகிய ஈக்கள் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். அதனால் இன்னொரு சட்டத்து ஈக்களையும் புதுப் பெட்டிக்குள் உதறிவிடுங்கள். பழைய பெட்டியில் நல்ல ராணி அறை ஒன்றை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளி எறியுங்கள்; விட்டுவைத்தால் கூட்டம் மறுபடி பிரிந்து ஓடும். அந்தப் பெட்டியை இரண்டு மூன்று வாரம் கலைக்காதீர்கள். பிறகு முட்டை தெரிந்தால் ராணி இணை சேர்ந்துவிட்டது என்று பொருள். டிசம்பர் நடுவுக்குப் பிறகு பிரித்தால் தேன் வரும் காலத்தில் ஆள்பலம் இருக்காது.

தேன் வரத்து தொடங்கியதும் புழு அறைக்கு மேல் தேன் அறையை ஏற்றுங்கள். அடையில் முக்கால் பங்கு கண்களை ஈக்கள் மெழுகால் மூடிய பிறகே எடுங்கள், மூடாத தேன் புளிக்கும். தேன் எடுக்கும் எந்திரத்துக்கு வேலை சில நாள்தான், நாலு பேர் சேர்ந்து வாங்கினால் போதும்.

பலர் தோற்பது சூன் முதல் செப்டம்பர் வரையுள்ள மழைக்காலத்தில். அப்போது ஈக்களுக்கு வெளியே தீனி கிடைக்காது. அதனால் தேன் விற்ற பணத்தில் சர்க்கரைக்கு என்று ஒரு பங்கு ஒதுக்கியே ஆக வேண்டும். ஒரு பங்கு சர்க்கரைக்கு ஒரு பங்கு தண்ணீர். காய்ச்சி ஆறவைத்து, பெட்டிக்கு 200 மில்லி வீதம் வாரம் ஒருமுறை சாயங்காலம் சிரட்டையில் ஊற்றி உள்ளே வையுங்கள். ஈ மூழ்காமல் இருக்க நாலு ஈர்க்குச்சி போடுங்கள். பாகு வெளியே சிந்தினால் அடுத்த பெட்டி ஈக்கள் கொள்ளைக்கு வரும். ஈ மொய்க்காத அடைகளை எடுத்துவிடுங்கள், அடிப்பலகையைக் கூட்டுங்கள். அடையை அரிக்கும் மெழுகுப்பூச்சி அங்கேதான் பிடிக்கும்.

புழு தலை தூக்கி, நீர் நிரம்பிய பை போலச் செத்துக்கிடந்தால் அது தாய்லாந்து சாக் புரூட் (Thai sacbrood) என்னும் நச்சுயிரி நோய். 1991-92-இல் தென்னாட்டுப் பெட்டிகளைக் காலிசெய்தது அதுதான். மருந்து கிடையாது. அந்தப் பெட்டியின் சட்டத்தை வேறெதற்கும் மாற்றாதீர்கள், தொட்ட கையோடு அடுத்த பெட்டியைத் திறக்காதீர்கள். பிரிப்பதற்கு எப்போதும் நோய் காணாத கூட்டத்தையே தேர்ந்தெடுங்கள்.