ராஸ்பெர்ரி பையில் பிளகின் ஏறவில்லையா? சர்வர் யார் பெயரில் ஓடுகிறது என்று முதலில் பாருங்கள்

கோட் எழுதி ஒலி உண்டாக்கும் சூப்பர்கொலைடர் மென்பொருளைப் பழகிக்கொண்டிருக்கும் தம்பி ஒருவர் போன வாரம் இரவு பதினொரு மணிக்கு அழைத்தார். "அண்ணே, மூணாவது தடவையா கம்பைல் பண்ணிட்டேன். பிளகின் இன்னும் ஏறல." மூன்றாவது தடவை என்றதும் எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. நானும் மூன்று தடவைதான் செய்தேன், அதுவும் இதே காரணத்துக்காக.

ஃபோல்டர் பெயரில் எழுத்துப்பிழை, ஜிப்பை விரிக்காமல் அப்படியே போட்டுவிடுவது எல்லாம் இங்கே வராது. அவற்றை அரை மணி நேரத்தில் நீங்களே பிடித்துவிடுவீர்கள். ராஸ்பெர்ரி பை மாதிரி, திரை இல்லாத சின்னக் கணினிப் பெட்டியில் சூப்பர்கொலைடரை ஓடவிடும்போது நாள்கணக்கில் நேரத்தைத் தின்பவை மட்டும் இங்கே.

கிளாஸ் கிடைத்ததும் பிளகின் ஏறிவிட்டது என்று நினைப்பது

சூப்பர்கொலைடர் ஒரு நிரல் அல்ல, இரண்டு. எஸ்சிலாங் உங்கள் கோடைப் படிக்கிறது. எஸ்சிசிந்த் என்கிற சர்வர் ஒலியை உண்டாக்குகிறது. இரண்டும் ஓஎஸ்சி என்கிற நெட்வொர்க் செய்திகள் வழியாகத்தான் பேசிக்கொள்கின்றன. அதனால் ஒரு பிளகினிலும் இரண்டு பாதி உண்டு: மொழிக்கு ஒரு கிளாஸ் ஃபைல், சர்வருக்கு ஒரு பைனரி. லினக்ஸில் அந்தப் பைனரி டாட் எஸ்ஓ என்று முடியும், மேக்கிலும் விண்டோஸிலும் டாட் எஸ்சிஎக்ஸ்.

கிளாஸ் பாதி மட்டும் சரியான இடத்தில் இருந்தால் எஸ்சிலாங் உங்கள் கோடை ஏற்றுக்கொள்ளும், உதவிப் பக்கமும் திறக்கும். ஆனால் சத்தம் வராது. கிளாஸ் லைப்ரரியை எத்தனை முறை ரீகம்பைல் செய்தாலும் சர்வருக்கு அது தெரியாது. சர்வர் பிளகின்களைத் தேடுவது தான் கிளம்பும்போது ஒரே ஒரு தடவைதான். அதை நிறுத்தி, திரும்ப ஓடவிடுங்கள்.

யூநேமை நம்புவது

ரெடிமேடாகக் கிடைக்கும் பைனரியை இறக்குவதற்கு முன் எல்லோரும் யூநேம் கட்டளையை அடித்துப் பார்க்கிறார்கள். ஏஆர்ச் 64 என்று வருகிறது. சரி, 64 பிட் என்று அதை இறக்கிப் போடுகிறார்கள். ஏறாது. யூநேம் சொல்வது ஓஎஸ்ஸின் மையமான கெர்னலைப் பற்றி மட்டும். 2023-லிருந்து பை 4-இல் 32 பிட் ஓஎஸ் போட்டாலும் கெர்னல் 64 பிட்டாகத்தான் ஏறுகிறது. மேலே ஓடும் எஸ்சிசிந்த் 32 பிட்டாகவே இருக்கும். டிபிகேஜி கட்டளையிடம் ஆர்க்கிடெக்சர் என்னவென்று கேளுங்கள். ஆர்ம் எச்எஃப் என்றால் 32, ஆர்ம் 64 என்றால் 64. சர்வர் கிளம்பும்போது 'ராங் ஈஎல்எஃப் கிளாஸ்' (பிட் ஒத்துவரவில்லை என்று அர்த்தம்) என்று ஒரு வரி ஓடியிருக்கும், அதை யாரும் படிப்பதில்லை.

பெட்டி பூட் ஆகும்போது சர்வரை ரூட்டாக (லினக்ஸின் தலைமை யூசராக) ஓடவிடுவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

ஒரு கண்காட்சிக்காகச் சுவரில் பதிக்கும் ஒலிப்பெட்டி ஒன்று செய்துகொண்டிருந்தேன். உள்ளே ஒரு பை, ஒரு சவுண்ட் கார்டு. எஸ்சிலாங் இல்லை, ஒவ்வோர் ஒலியும் எப்படி உண்டாக வேண்டும் என்று சொல்லும் சிந்த்டெஃப்களை லேப்டாப்பில் எழுதி ஃபைலாக்கிக் கொண்டுபோய் வைத்துவிட்டேன். சின்ன பைத்தான் நிரல் ஒன்று அவற்றை எஸ்சிசிந்துக்கு அனுப்பும். மொத்தம் ஆறு ஒலிகள். அவற்றில் இரண்டுக்கு எஸ்சி3 பிளகின்ஸ் தொகுப்பில் உள்ள ஜேபிவெர்ப் என்கிற எதிரொலி வேண்டும்.

வீட்டு மேசையில் லேப்டாப்பிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போய் ஓடவிட்டால் ஆறும் கேட்டன. பவரை எடுத்துத் திரும்பக் கொடுத்தால் நான்குதான். பிளகின் எதுவுமே ஏறவில்லை என்றால் முழு மௌனமாக இருந்திருக்கும், உடனே புரிந்திருக்கும். சூப்பர்கொலைடரோடு வரும் யூஜென்களும், அதாவது ஒலியைக் கட்டும் அடிப்படைத் துண்டுகளும், பிளகின்கள்தான், சாதாரண சைன் அலைகூட அப்படித்தான் ஏறுகிறது. ஆனால் அவை சிஸ்டம் ஃபோல்டரில் இருப்பதால் எப்போதும் ஏறிவிடும். நாமாகச் சேர்த்தவை மட்டும் காணாமல் போகும். ஒரு சிந்த்டெஃபில் ஒரே ஒரு யூஜென் இல்லாவிட்டாலும் சர்வர் அந்த சிந்த்டெஃபையே தள்ளிவிடும். எதிரொலி மட்டும் இல்லாமல் வறண்டு ஒலித்திருந்தாலாவது சந்தேகம் அந்தப் பக்கம் போயிருக்கும்.

நான் என்ன செய்தேன்? திரும்பக் கம்பைல் செய்தேன். அந்தப் பழைய பையில் ஒரு தடவைக்கு முக்கால் மணி நேரம். அப்புறம் எஸ்டி கார்டை மாற்றினேன், சவுண்ட் கார்டைத் திட்டினேன், திரும்பவும் கம்பைல். விடிந்தால் திறப்பு. காலை மூன்று மணிக்குத்தான் சிஸ்டத்தின் பதிவேடான ஜர்னலைத் திறந்து, பூட்டில் எஸ்சிசிந்தைக் கிளப்பும் சர்வீஸ் என்ன சொல்கிறது என்று படித்தேன். 'ஜேபிவெர்ப்ரா' என்ற யூஜென் நிறுவப்படவில்லை என்று இருந்தது. நான் அந்தப் பெயரை எங்குமே எழுதியதில்லை. கிளாஸ் லைப்ரரியில் ஜேபிவெர்ப் என்பது மேலுறைதான், உள்ளே சர்வரில் இருக்கும் யூஜென்னின் பெயர் அது.

ஓடும் நிரல்களைக் காட்டும் பிஎஸ் கட்டளையை அடித்து எஸ்சிசிந்த் யார் பெயரில் ஓடுகிறது என்று பார்த்தேன். ரூட். பூட்டில் நிரல்களைக் கிளப்பும் சிஸ்டம்டிக்கான சர்வீஸ் ஃபைலில் யூசர் வரி எழுதவில்லை, அதனால் ரூட்டாக ஓடியது. பிளகினோ பை என்கிற யூசரின் ஹோமில், மறைந்திருக்கும் லோக்கல் ஃபோல்டருக்குள், நாமாகச் சேர்ப்பவற்றுக்கான எக்ஸ்டென்ஷன்ஸ் ஃபோல்டரில் பத்திரமாக இருந்தது. எஸ்சிசிந்த் தேடுவது தன்னை ஓட்டும் யூசரின் ஹோமில். மேசையில் ஓட்டியது நான், பூட்டில் ஓட்டியது ரூட். ஃபைல் இருந்த இடம் சரிதான், தேடியவர்தான் வேறு ஆள்.

ரூட்டாக ஓட்டும் சூடோ கட்டளையைப் போட்டு ஓட்டினாலும் இதே கதைதான், ஹோம் மாறிவிடும். ரூட்டாக ஓடவிடும் பழக்கம் எங்கிருந்து வருகிறது என்றால், ரியல்டைம் முன்னுரிமை கிடைக்காமல் ஒலி வெடிக்கும்போது, ரூட்டாக ஓட்டினால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். சரியாகவும் ஆகும். பிளகின் போய்விடும்.

முறையாகச் செய்வது இப்படி. சர்வீஸ் ஃபைலில் யூசர் வரியை எழுதுங்கள். ஒலியைச் சவுண்ட் கார்டுக்குக் கொண்டுசெல்லும் ஜாக்கையும் எஸ்சிசிந்தையும் ஒரே யூசரின் பெயரில் ஓட்டுங்கள். ரியல்டைமுக்காக லிமிட் ஆர்டிபிரையோ, லிமிட் மெம்லாக் வரிகளை அந்த ஃபைலிலேயே சேருங்கள். லிமிட்ஸ் ஃபைலில் ஆடியோ குழுவுக்கு எழுதியது லாகின் செய்பவருக்குத்தான் செல்லும், சிஸ்டம் சர்வீஸுக்குச் செல்லாது. பெட்டியாகச் செய்து கொடுப்பதென்றால் பிளகினை ஹோமில் வைக்கவே வேண்டாம், சிஸ்டம் எக்ஸ்டென்ஷன்ஸ் ஃபோல்டரில் வையுங்கள். ஆப்ட் வழியாக நிறுவியிருந்தால் அது யூஎஸ்ஆர் ஷேருக்குள் இருக்கும், சோர்ஸிலிருந்து கட்டியிருந்தால் பெரும்பாலும் யூஎஸ்ஆர் லோக்கல் ஷேருக்குள். எஸ்சிலாங் இருந்தால் பிளாட்ஃபார்ம் கிளாஸிடம் கேட்டாலே பாதையைச் சொல்லிவிடும்.

அந்தத் தம்பியையும் பிஎஸ் அடிக்கச் சொன்னேன். சற்று நேரம் பேச்சே இல்லை. "ரூட்னு இருக்குண்ணே" என்றார்.

மைனஸ் யூ கொடுப்பது

எஸ்சிசிந்துக்கு மைனஸ் யூ போட்டு உங்கள் ஃபோல்டரைக் கொடுத்தால், அது வழக்கமான இடங்களில் தேடுவதை விட்டுவிடும். சைன் அலைகூட ஏறாது. கொடுத்தே ஆக வேண்டுமென்றால் சிஸ்டம் பிளகின் ஃபோல்டரையும் சேர்த்துக் கொடுங்கள், நடுவில் முக்காற்புள்ளி.

எக்ஸ்டென்ஷன்ஸுக்குள் பிளகினின் கிட் ரெப்போவையே (சோர்ஸ் முழுவதையும்) இறக்குவது

கிளாஸ் ஃபைல் சோர்ஸில் ஒன்று, பில்டில் ஒன்று என்று இரண்டாகும். எஸ்சிலாங் 'டூப்ளிகேட் கிளாஸ்' என்று சொல்லிவிட்டு லைப்ரரி முழுவதையும் கம்பைல் செய்ய மறுத்துவிடும்.

பை 5-இல் நேட்டிவ் போட்டுக் கட்டியதை பை 4-க்குக் கொண்டுபோவது

நேட்டிவ் என்றால் கட்டும் பெட்டியின் பிராசஸருக்கென்றே கட்டுவது. பழைய பெட்டியில் கிடைப்பது: இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்.

வேறு வெர்ஷன் சோர்ஸை வைத்துக் கட்டுவது

கம்பைல் வேலையை அமைக்கும் சீமேக்குக்குக் கொடுக்கும் எஸ்சி பாத் (சூப்பர்கொலைடர் சோர்ஸ் இருக்கும் இடம்), நீங்கள் ஓட்டும் எஸ்சிசிந்தின் வெர்ஷனாகவே இருக்க வேண்டும். ஏபிஐ எண் ஒத்துவராவிட்டால் சர்வர் அந்தப் பிளகினை ஏற்றாது. எஸ்சிசிந்துக்குப் பதிலாக சூப்பர்நோவா சர்வரைப் பயன்படுத்துகிறவர்கள் அதற்கென்று தனியாகக் கட்ட வேண்டும், எஸ்சிசிந்தின் பைனரி அதற்குச் செல்லாது.

ஓவர்லே இருப்பதை மறந்துவிட்டு நிறுவுவது

எஸ்டி கார்டு கெட்டுப்போகாமல் இருக்க ஓவர்லே ஃபைல் சிஸ்டத்தைப் போட்டிருப்பீர்கள். அதன் பிறகு எழுதுவதெல்லாம் ரேமில்தான். பிளகின் ஏறும், ஒலிக்கும், நீங்களும் பெட்டியை மூடி ஸ்க்ரூ போட்டுவிடுவீர்கள். பவரை எடுத்துக் கொடுத்தால் பழைய நிலைமை. ராஸ்பி கான்ஃபிக் என்கிற அமைப்புக் கருவியில் ஓவர்லேயை அணைத்து, ரீபூட் செய்து, நிறுவி, திரும்பப் போடுங்கள். ஸ்க்ரூ அதற்கப்புறம்.